காதில் மட்டும் சிவப்பு

மொன்றியல்
5 ஜனவரி 2019

மகள் இவ்ரோஸுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பள்ளி நாட்காட்டி முப்பத்தொன்றாம் தேதி மாலை வந்து சேர்ந்தது. உடனே பிரிக்கவில்லை. மறுநாள் புத்தாண்டு, நம் ஹெய்ட்டியின் விடுதலை நாள். டாமினோ ஆடும் கோஷ்டி முழுவதும் பூசணி சூப் குடிக்க என் வீட்டுக்கு வரும். அவர்கள் முன்னிலையில் பிரித்தால் நன்றாக இருக்கும் என்று எடுத்துவைத்தேன். என் மகள் ஆசிரியை, அவள் வரைந்த படம் அச்சாகி வந்திருக்கிறது, நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசை.

ஜனவரிப் பக்கத்திலேயே நீ இருந்தாய். ஒரு மனித உருவத்தின் வெளிக்கோடு, உள்ளே வண்ணங்கள். தலையும் நெஞ்சும் வலது கையும் நீலம், அது பிரெஞ்சு. பாதங்கள் மஞ்சள், அது ஆங்கிலம். இரண்டு காதுகளில் மட்டும் சிவப்பு. கோஷ்டியில் சோரெல்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இருந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான். "சிவப்பு கிரியோல். அப்பா திட்டும் மொழி."

அதன்பிறகு எல்லோரும் கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். சூப்பைக் குடித்தார்கள். சூப் பிரமாதம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இத்தனை வருடங்களில் என் சூப்பை அவர்கள் பாராட்டியதே கிடையாது. துக்க வீட்டில்தான் இப்படிப் பேசுவார்கள்.

எந்த மொழியில் பேசிய நம் ஊர் மனிதர்கள் பிரெஞ்சு சாம்ராஜ்யத்தின் படையை விரட்டினார்களோ, அந்த மொழியை, அந்த நாளிலேயே, என் மேசையில் வைத்து நீ இப்படி அறிமுகம் செய்திருக்கிறாய்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எடுக்க மாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. உன் வண்ணப் பென்சில்கள் பேசிவிட்டன, இனி பேனா பேசட்டும்.

உன் தந்தை,
ஒடிலோன் க்ளெர்வில்


வின்னிபெக்
17 ஜனவரி

அப்பா,

போன் எடுக்க மாட்டேன் என்றால் உண்மையிலேயே எடுக்க மாட்டீர்கள் என்று இப்போது தெரிந்துகொண்டேன். கடைசியில் சோரெல் மாமாவின் முடிதிருத்தும் கடைக்கே போன் செய்தேன். "உங்கப்பா தூங்குறாரும்மா" என்றார். பட்டப்பகலில். பின்னால் டாமினோ கட்டையை மேசையில் அறைகிற சத்தம் கேட்டது. தூக்கத்தில் ஆடுகிறீர்களா?

சரி, பேனா பேசட்டும்.

என் வகுப்பில் இருபது பிள்ளைகள். கொங்கோ, மாலி, பிலிப்பைன்ஸ், சிரியா, இரண்டே இரண்டு பேர் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். தினமும் யாரோடு எந்த மொழி பேசுகிறீர்கள், அந்த மொழி உங்கள் உடம்பில் எங்கே குடியிருக்கிறது, வரையுங்கள் என்று வெளிக்கோடு போட்ட தாளைக் கொடுத்தேன். ஒருத்தி இடது கன்னம் முழுவதும் ரோஸ் கலர் அடித்தாள். மணிலாவில் இருக்கும் அம்மாவோடு பேசும்போது போன் அங்கேதான் சுடுமாம். இன்னொருத்தி கொங்கோவில் பேசும் லிங்காலா மொழியை வயிற்றில் வரைந்தாள். சிரித்தால் அங்கேதான் வலிக்கிறதாம். பிறகு எல்லோரும் சேர்ந்து "டீச்சர், நீங்களும் வரையணும்" என்று பிடித்துக்கொண்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. கிரியோலை வாயில் பூச முடியவில்லை, எனக்குப் பேசத் தெரியாது. கையில் பூச முடியவில்லை, எழுதத் தெரியாது. நெஞ்சில் பூசியிருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், ஆனால் பிள்ளைகள் முன்னால் பொய் சொன்னது மாதிரி ஆகியிருக்கும். மிச்சம் இருந்தது காதுதான். அதை உங்களுக்கு ஆசையாகத்தான் அனுப்பினேன் அப்பா. நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்து நான் பார்த்ததில்லை என்பது அப்போது ஏனோ ஞாபகம் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். எனக்கு எட்டு வயதிருக்கும். சாப்பிட உங்களைக் கூப்பிட்டு வரச்சொல்லி அம்மா என்னை சோரெல் மாமா கடைக்கு அனுப்பினாள். கடையின் நிலவறைப் படிக்கட்டில் இறங்கினேன். உள்ளே யாரோ ஒருவர் கிரியோலில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வரி சொல்வார், மொத்தக் கூட்டமும் வெடித்துச் சிரிக்கும். அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஒன்றும் புரியாமலே. கதவைத் தள்ளினேன். எல்லாம் நின்றுவிட்டது. எல்லோரும் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, பிரெஞ்சில் "மாலை வணக்கம், செல்வி. படிப்பெல்லாம் எப்படி?" என்றார்கள். நீங்கள் காதிலிருந்து எதையோ பிடுங்கிப் பைக்குள் போட்டீர்கள். உங்கள் இரண்டு காதும் சிவந்திருந்தது. யாரோ உங்களை அடித்துவிட்டார்கள் என்று நினைத்து போர்வைக்குள் அழுதேன். உங்களிடம் கேட்கவில்லை. உங்களிடம் நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்?

நீங்கள்தான் அந்தக் கதவைச் சாத்தினீர்கள். இப்போது நான் வெளியே நின்றபடி வரைந்திருக்கிறேன் என்று கோபப்படுகிறீர்கள்.

இவ்ரோஸ்


மொன்றியல்
4 பிப்ரவரி

மகள் இவ்ரோஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை. டாமினோவில் தோற்றவன், துணி உலர்த்தும் கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரில் அதுதான் வழக்கம், இங்கேயும் அதுவே. அன்று எனக்குக் காதுக்கு இரண்டு வீதம் கிடைத்திருந்தது. ஒரு தகப்பனை அவன் மகள் அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கழற்றினேன். நீ அழுதாய் என்பது இன்றுதான் தெரிகிறது.

இரண்டாவது. நான் உன்னைக் கிரியோலில் திட்டியதே இல்லை. காரைத் திட்டினேன். பனியைத் திட்டினேன். வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களைத் திட்டினேன். நீ அப்போது அந்த அறையில் இருந்தாய், அவ்வளவுதான்.

மூன்றாவது, கதவு. என் பள்ளிக்கூடத்தில் ஒரு கிரியோல் வார்த்தை வாயிலிருந்து நழுவினால் சரளைக் கல்லில் முட்டி போட வைப்பார்கள். என் இடது முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்து, நீ பிறந்தபோது, உன் அம்மா அனாயீஸும் நானும் ஆஸ்பத்திரி அறையிலேயே பேசி முடிவெடுத்தோம். பிள்ளையின் காதில் பிரெஞ்சு மட்டும்தான் விழ வேண்டும். யாரும் அவளை எங்கேயும் முட்டி போடச் சொல்லக் கூடாது. நண்பர்களிடமும் சொல்லிவைத்தேன். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே செய்தார்கள்.

உன் அம்மா மட்டும் உன்னைக் குளிப்பாட்டும்போது குழாயை முழுவதும் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கிரியோலில் உன்னிடம் ஏதேதோ பேசுவாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். கேட்காதது போல் போய்விடுவேன். அவள் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருந்தால் உன் படத்தில் சிவப்பு கொஞ்சம் கூடியிருக்கும்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பள்ளிப் புத்தகத்தில் இருந்த பிரெஞ்சு. அதில் விண்ணப்பம் எழுதலாம், நன்றி சொல்லலாம், எச்சரிக்கலாம். ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசுவதற்கு அதில் பாடம் இருக்கவில்லை. இருந்ததை வைத்து உன்னை வளர்த்தேன்.

நீ ஆசிரியை ஆகிவிட்டாய். நான் செய்தது தவறு என்று என்னால் எழுத முடியவில்லை.

தொலைபேசி இப்போதும் வேண்டாம். குளிரில் தொண்டை கட்டியிருக்கிறது, பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இஞ்சிக் கஷாயம் குடிக்கிறேன்.

உன் தந்தை,
ஒடிலோன் க்ளெர்வில்


வின்னிபெக்
15 பிப்ரவரி

அப்பா,

குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் கை ஞாபகம் இருக்கிறது. வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் இல்லை. உங்கள் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. பிள்ளைகள் எனக்கு மூக்குத் துடைக்கத் தாள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சோரெல் மாமாவை மறுபடி பிடித்தேன். அந்தப் படிக்கட்டு விஷயத்தைச் சொல்லி, அன்றைக்குக் கதை சொன்னது யார் என்று கேட்டேன்.

"யாரா? உங்கப்பாதான். வேற யாரு சொல்லுவா?"

"எங்கப்பாவா? எங்கப்பா கதை சொல்வாரா?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? அந்த ஆளு வாயத் தொறந்தா நாங்க வயித்தப் பிடிச்சிக்கிட்டுக் கீழ உருளுவோம். டாக்சி ஓட்டின காலத்துல ஸ்டாண்டுல அவரு கதைய முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் சவாரி எடுக்க மாட்டான். பனியில கார் தோண்டின கதை தெரியுமில்ல?"

"தெரியாது."

"கேட்டதே இல்லியா? நாப்பது வருஷமா சொல்றாரு. அதுல கீழ விழுறவனே நான்தான்."

"நீங்க சொல்லுங்க மாமா."

"நான் சொன்னா அது வெறும் ரெண்டு கார் கதை. அவரு சொல்லணும். இப்பல்லாம் அவரும் அவ்வளவா பேசுறதில்ல" என்று ஏதோ முனகிவிட்டு, கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

அப்பா, எனக்கு வயது முப்பத்தைந்து. உங்களோடு ஒரே வீட்டில் பத்தொன்பது வருடம் இருந்தேன். அத்தனை நாளும் நான் பார்த்தது டை கட்டிய ஒரு கண்டிப்பான மனிதரை. ஊரே பார்த்துச் சிரித்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தன்னையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். எனக்கு அந்த ஆளைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை போதும்.

வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கதையைக் கிரியோலில், உங்கள் குரலில், போனில் சொல்லுங்கள். எனக்குப் பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும். கார் எத்தனை திட்டு வாங்கியது, எல்லாம் கேட்டு வளர்ந்தவள்தானே. தொண்டைக்கட்டு சரியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். நான் எங்கும் போக மாட்டேன்.

ஈஸ்டர் வரை காத்திருப்பேன். அதற்குள் நீங்கள் கூப்பிடாவிட்டால் படத்தில் நான் வரைந்தது சரிதான் என்று எடுத்துக்கொள்வேன்.

இவ்ரோஸ்


மொன்றியல்
10 மார்ச்

மகள் இவ்ரோஸுக்கு,

சோரெலுக்கு வாயில் பூட்டுப் போட முடியாது என்பதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

நீ கேட்ட கதையைக் கடிதத்தில் எழுதினால் போதாதா என்று முயன்று பார்த்தேன். இப்படி வந்தது:

"1979ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் காலை, இரண்டு குடியேறிகள் தத்தம் வாகனங்களைப் பனியிலிருந்து மீட்க முற்பட்டனர். கவனக்குறைவால் ஒவ்வொருவரும் மற்றவருடைய வாகனத்தை மீட்டனர். பின்னர் தவறு உணரப்பட்டது. இருவரும் நண்பர்களாயினர்."

படித்துப் பார்த்தேன். இதைக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பினால் அவர்கள் மனம் இரங்கக்கூடும். நீ சிரிக்க மாட்டாய். பிரெஞ்சில் எனக்கு இவ்வளவுதான் வரும் என்பதை நீயே பார்த்துக்கொள்.

போன ஞாயிறு தொலைபேசியை எடுத்தேன். உன் எண்ணைக் கடைசி எண் வரை அழுத்தினேன். அந்த நேரம் தொண்டையைச் செருமிப் பார்த்தேன். வைத்துவிட்டேன். முதல்முறை கேட்கப்போகிறாய், அதை இந்தத் தொண்டையோடு கேட்க வேண்டாம் என்று தோன்றியது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன், பொறு.

ஏப்ரலில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அது முடியட்டும்.

வின்னிபெக்கில் இன்னும் குளிர் விடவில்லை என்று செய்தியில் பார்த்தேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் தந்தை,
ஒடிலோன்


வின்னிபெக்
22 ஏப்ரல்

அப்பா,

நேற்று ஈஸ்டர். நான் எங்கும் போகவில்லை.

ஏப்ரலில் ஒரு வேலை என்றீர்கள். உங்களுக்கு எப்போதுமே ஒரு வேலை இருந்தது. பள்ளி விழாவன்று இருந்தது, நான் வீட்டை விட்டு இங்கே கிளம்பிய அன்றும் இருந்தது. நாற்பது வருடமாக யார் யாருக்கோ சொன்ன கதையைப் பெற்ற மகளுக்குச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. நல்ல சட்டை வேண்டுமாம். நான் சட்டையைக் கேட்கவில்லை.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். காது காதாகவே இருக்கட்டும்.

இனி எழுத மாட்டேன்.

இவ்ரோஸ்


மொன்றியல்
14 மே

கண்ணு,

இதைக் கிரியோலில் எழுதுகிறேன். வாழ்க்கையில் இதுவரை இந்த மொழியை நான் தாளில் எழுதியதில்லை. வாய் போகிற போக்கில் எழுதுகிறேன். நீ சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த உட்காராதே.

வாய் போகிற போக்கு என்று எழுதிவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உள்ளே கட்டி இருந்தது, வேறு வழி இல்லை என்றார்கள். எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்தாயிற்று, உயிருக்குப் பயம் இல்லை, கஞ்சி குடிக்கிறேன், நடக்கிறேன். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு மட்டும் இல்லை. பயிற்சி எடுத்தால் ஏதோ ஒரு சத்தம் வருமாம். அது என் குரலாக இருக்காது.

புத்தாண்டுக்கு முன்பே குரல் கம்மத் தொடங்கிவிட்டது. நீ போனில் ஒரு வார்த்தை கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கோபத்தைச் சாக்காக வைத்து எடுக்காமல் இருந்தேன். கோபமும் நிஜம்தான், இல்லையென்று சொல்லவில்லை. சோரெலை பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். அவனிடம் கோபப்படாதே, அவன் ஏற்கெனவே தினமும் வந்து அழுகிறான், எனக்குத்தான் அவனைத் தேற்ற வேண்டியிருக்கிறது, அதுவும் பலகையில் எழுதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தொண்டையில் பாதிக் குரல் மிச்சம் இருந்தது கண்ணு. கரகரவென்று, காக்காய் மாதிரி. அதில் சொல்லியிருக்கலாம். நீ கேட்டிருப்பாய். டாக்டர் முன்கூட்டியே என்னிடம் எல்லாம் சொல்லித்தான் இருந்தார், ஒருவேளை கொஞ்சம் மிஞ்சும் என்று நானாக நம்பிக்கொண்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு போனை வைத்தேன். அந்த வெட்கத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

உன் ஈஸ்டர் கடிதம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கிடைத்தது. நீ எழுதியதில் தப்பு இல்லை. உனக்குத் தெரியாது.

இனி கதை. வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். கேள்.

எழுபத்தொம்பது டிசம்பர். நான் இந்த ஊருக்கு வந்து மூணு மாசம். பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கேன், பச்சைக் கலர். ராத்திரி பூரா பனி. காலையில எட்டிப் பார்த்தா தெருவுல ஒரு காரும் இல்ல. வரிசையா வெள்ளை மேடுங்க, எல்லாம் ஒரே மாதிரி. என்கிட்ட மண்வெட்டி கிடையாது. சோத்துப் பானை மூடிய எடுத்துக்கிட்டுப் போனேன். தோண்டுறேன், தோண்டுறேன், மீசை உறைஞ்சி குச்சியா நிக்குது. கடைசியில கதவு தெரியுது. பார்த்தா, சிவப்பு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த ஊர்க் குளிருக்கு காரே கலர் மாறிடும் போலன்னு நெனச்சி, மிச்சத்தையும் தோண்டினேன்.

முடிச்சி நிமிர்றேன். எதிர்ப்பக்கம் ஒருத்தன், தலையில பொம்பளை சால்வை, கையில வறுக்குற சட்டி. என் பச்சைக் காரைத் தோண்டி எடுத்து, பளபளன்னு தொடச்சிக்கிட்டு நிக்கிறான். நம்ம நெறம்தான், ஆனா எந்த ஊர்க்காரன்னு தெரியல. உடனே நான் டை கட்டின பிரெஞ்சுல ஆரம்பிச்சேன். "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் துடைத்துக்கொண்டிருக்கும் வாகனம் அடியேனுடையது என்பதைத் தெரிவித்துக்கொள்ள அனுமதியுங்கள்." அவன் சட்டிய நெஞ்சோட வச்சிக் குனிஞ்சான். "மன்னிக்க வேண்டும் ஐயா, பனி என்னை ஏமாற்றிவிட்டது." மரியாதைக்கு நானும் குனிஞ்சேன். அவன் திரும்பக் குனிஞ்சான். நடுத்தெருவுல ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குனிஞ்சி நிமிர்றோம், ரெண்டு மந்திரிங்க சந்திச்ச மாதிரி. கடைசியாக் குனிஞ்சப்ப அவன் கால் வழுக்கிருச்சி. சட்டி ஒரு பக்கம் பறக்குது, சால்வை ஒரு பக்கம் பறக்குது, ஆளு மல்லாக்கப் போய் விழுந்தான்.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்துவேன். எழுத்தில் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. நிறுத்தியதாக வைத்துக்கொள்.

விழுந்த எடத்துலருந்தே கத்துறான், "அய்யோ எங்கம்மா, என் பின்பக்கம் போச்சே." நம்ம கிரியோல்ல.

அவ்வளவுதான். நானும் அவன் பக்கத்தில் பனியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக அந்த மொழியை யார் வாயிலும் கேட்டிருக்கவில்லை. சிரித்தேனா அழுதேனா எனக்கே தெரியாது. அந்த ஆள் சோரெல்.

இந்தக் கதையில் எனக்கே தெரியாத ஒன்று இருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து குனிந்து நின்றோமே, அப்படித்தான் உன் முன்னால் நான் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறேன். ஒருவரும் வழுக்கி விழவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எழுதுபலகையோடு வண்ணப் பென்சிலும் கொடுத்தாள். உன்னுடையது மாதிரியே ஒரு வெளிக்கோடு போட்டு நானும் வரைந்தேன். இதோடு வைத்திருக்கிறேன். சட்டை, டை, காரின் ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கை, எல்லாம் நீலம். ஒரு செருப்பு மட்டும் மஞ்சள். சட்டைக்கு உள்ளே முழுக்கச் சிவப்பு, ஆனால் சட்டை மூடியிருப்பதால் நீ பார்த்தால் தெரியாது, பென்சிலை அழுத்தியதில் தாளின் பின்பக்கம் மேடாக இருக்கும், தடவிப் பார். கழுத்தில் எதுவும் பூசவில்லை. காது இரண்டும் சிவப்பு. அது கிளிப் மாட்டிய காது. உன் படத்தைப் பார்த்துக் காப்பி அடித்தேன் என்று நினைக்காதே, எனக்கு அங்கே நிஜமாகவே சிவக்கும்.

அப்பா


வின்னிபெக்
22 மே

அப்பா,

என் ஈஸ்டர் கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். கிழித்துவிட்டேன் என்று எழுதி அனுப்புங்கள். நான் எழுதியபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு கெடு வைத்தேன். போன் வரவில்லை என்றால் ஒரு விமானத்தைப் பிடித்து வந்து கதவைத் தட்டியிருக்க வேண்டும். எது தடுத்தது? நீங்கள்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்ற வீம்பு. நான் உங்கள் மகள்தான், அதில் சந்தேகமே இல்லை.

கடிதத்தை முதலில் மனதுக்குள் படித்தேன். கதையில் பாதி புரியவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி வாய் போகிற போக்கில்தான் எழுதியிருக்கிறீர்கள், கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தேன். காதுக்குப் புரிந்தது. என் வாயிலிருந்து கிரியோல் வருவதை முதல்முறையாகக் கேட்டேன். கேவலமாக இருந்தது. கார் கலர் மாறுகிற இடத்தில் தனியாகச் சிரித்தேன். அதற்கப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தாளின் பின்பக்கம் தடவிப் பார்த்தேன்.

உங்கள் குரலில் அந்தக் கதை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய முயல்கிறேன். "வீட்டுப்பாடம் முடிந்ததா" என்கிற குரல்தான் வருகிறது. அதை வைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை. படிக்கட்டில் கேட்ட குரல் உங்களுடையது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் கதவைத் தள்ளியிருக்க மாட்டேன். அங்கேயே உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

பள்ளி ஜூன் கடைசியில் முடிகிறது. மறுநாளே வருகிறேன். சோரெல் மாமாவிடம் நிலவறையில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். நான் உள்ளே வந்ததும் யாராவது எழுந்து "மாலை வணக்கம், செல்வி" என்றால் திரும்பிப் போய்விடுவேன் என்றும் சொல்லுங்கள்.

இவ்ரோஸ்


மொன்றியல்
16 ஜூலை

கண்ணு,

நீ போயி ரெண்டு நாள் ஆகுது. இனிமே உனக்கு இப்படித்தான் எழுதப்போறேன், டை கட்டாம.

ஈஸ்டர் கடிதத்த நேத்துதான் கிழிச்சேன். நீ இங்க இருந்தப்ப கேட்டியே, கிழிக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. கோவமா இருந்தாலும் உன் கையெழுத்துன்னு வச்சிருந்தேன்.

டாமினோ உனக்கு வராது. சோரெல் விட்டுக்கொடுத்தும் தோத்தே. காதுல கிளிப்ப மாட்டிக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருந்தே பாரு, அந்தக் கூட்டத்துல ஒருத்தனும் எழுந்து நிக்கல. உன் காது சிவந்ததப் பார்த்தேன். உங்கம்மா இருந்திருந்தா என்னை வீட்ட விட்டே தொரத்தியிருப்பா.

அப்புறம் நீ தாள வச்சிக்கிட்டு என் கதையப் படிச்சே. நெஜத்தச் சொல்லவா? உன் கிரியோல் மோசம். சட்டியத் தலையில போட்டுட்டே, சால்வையக் கையில குடுத்துட்டே. அவனுங்க எல்லாம் தெரிஞ்ச கதைக்கே அப்படிச் சிரிச்சானுங்க. அது கதைக்காகச் சிரிச்சது இல்ல. ஒடிலோன் மக நம்ம மொழியில பேசுறான்னு சிரிச்சது.

நானும் சிரிச்சேன். உனக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்புல சத்தம் வராது இப்ப, கழுத்து வழியா காத்து மட்டும் வரும். தோள் குலுங்குச்சி, கண்ணுல தண்ணி வந்துச்சி, நல்லாத்தான் சிரிச்சேன். நீ தாளையே பார்த்துக்கிட்டு இருந்தே. நீ நிமிர்ந்தப்ப நான் முடிச்சிட்டேன். நீ பார்க்கணும்னு கேட்ட ஆளு எதிர் நாற்காலியிலதான் இருந்தான் கண்ணு. அதுதான் எனக்கு ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

புத்தாண்டு சூப்புக்கு வரேன்னு சொல்லியிருக்கே. அதுக்குள்ள கதைய மனப்பாடம் பண்ணிடு, தாள் வேணாம். ஒரு எடத்துல நீ அவசரப்பட்டுட்டே. அவன் மல்லாக்க விழுந்த உடனே நீ "அய்யோ எங்கம்மா"ன்னு கத்திட்டே. அப்படிக் கத்தக் கூடாது. விழுந்ததும் வாய மூடிக்கிட்டு என்னைப் பாரு. யாரு சிரிச்சாலும் திரும்பாத, என்னைப் பாரு. நான் மேசைய ஒரு தட்டுத் தட்டுறேன். அதுக்கப்புறம் கத்து.

அப்பா